மூன்று விரல் இடைவெளி

அப்பா புறவாசலில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். இடது கக்கத்தில் ஒரு வாத்து. அதன் தலை அவர் முதுகுப் பக்கம் நீண்டிருந்தது; பின்பக்கம் அவர் முகத்துக்கு நேரே. வலது கை விரல்களை அதன் வாலுக்கு அடியில் வைத்துக்கொண்டு கண்களை மூடியிருந்தார். நாடி பார்க்கும்போது டாக்டர்கள் முகத்தை வைத்துக்கொள்வார்களே, அந்த மாதிரி ஒரு தோரணை.

பண்பொழியிலிருந்து கோமதி அத்தை வந்து பின்னால் நிற்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அடுக்களை வாசலில் நின்றுகொண்டு, சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். சொல்லாமல் இருந்தால் வேடிக்கை அதிகம் என்று தோன்றியது.

"ஏலே சங்கரலிங்கம், என்னலே செய்யுத?"

அப்பா கண்ணைத் திறக்கவில்லை. "சத்தங் காட்டாத. ஒன்றரை விரல் போகுது."

"எங்கலே போகுது?"

அதற்கு மேல் அப்பாவால் கண்ணை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. வாத்து கக்கத்திலிருந்து நழுவி, எங்கள் பரம்பரையையே ஏசிக்கொண்டு வாய்க்காலைப் பார்த்து ஓடியது. அப்பா விரலைத் துண்டில் துடைத்தபடி எழுந்து, "வாக்கா. முட்டையிடுமான்னு பார்த்தேன்" என்றார்.

அத்தை அப்பாவுக்கு ஆறு வயது மூத்தவள். கையில் திருமலைக் கோயில் விபூதிப் பொட்டலம். வழக்கமாக வந்ததும் தம்பி நெற்றியில் பூசிவிடுவாள். அன்று பொட்டலத்தையும் அப்பாவின் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். பொட்டலம் மறுபடியும் முந்தானைக்குள் போய்விட்டது.

அத்தை வந்தது வாத்து பார்க்க அல்ல. என்னைப் பார்க்க. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணிவிட்டு வீட்டில் இருந்தேன். பாளையங்கோட்டையில் டீச்சர் டிரெயினிங் சேர வேண்டும் என்பது என் ஆசை. என்னைத் தன் மகனுக்குக் கட்டிவைத்துவிட்டு, தம்பியையும் பண்பொழிக்கே கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்பது அத்தையின் ஆசை. அத்தை மகன் நல்லவன்தான். வாயைத் திறந்தால் உர விலையைத் தவிர வேறு எதுவும் வராது, அவ்வளவுதான்.

எனக்கிருந்த ஒரே கவலை, நான் போய்விட்டால் அப்பாவுக்கு யார் சோறு பொங்குவார்கள் என்பது. அவருக்குக் கஞ்சி மட்டும் வைக்கத் தெரியும். அதையும் கண்ணாடிக் குவளையில் அளந்து குடிப்பார்.

காலுக்கு ஆறு குஞ்சு

சைவக் குடும்பத்தில் வாத்துக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. தெருவே கேட்டது.

எங்கள் வீடு தென்காசியில், மொட்டைக் கோபுரத்துக்குத் தெற்கே, பின்னால் வாய்க்கால் ஓடும் தெருவில் இருந்தது. நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது அம்மா டைபாய்டில் போய்விட்டாள். அப்பா ஒரு டாக்டரிடம் கம்பவுண்டர்.

அந்தக் காலத்துக் கம்பவுண்டர் என்றால் என்னவென்று என் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. நோயாளி பாட்டிலைக் கையோடு கொண்டுவர வேண்டும். அப்பா அதில் மருந்தை ஊற்றி, காகிதத்தை மடித்துக் கத்தரித்து, வேளைக்கு எவ்வளவு என்று காட்டும் பட்டையை ஒட்டிக் கொடுப்பார். காய்ச்சலுக்குச் சிவப்பு மருந்து. வயிற்றுக்கு வெள்ளை. இரண்டிலும் அடங்காத நோய்க்கு இரண்டையும் கலந்து ஊற்றுவார். பிழைத்தவர்கள் டாக்டரைக் கும்பிட்டார்கள். பிழைக்காதவர்கள் யாரும் புகார் சொல்ல வரவில்லை.

ஓர் ஐப்பசி மழையில் அன்னம்மா அங்கே வந்தாள். காலில் கண்ணாடிச் சில்லு ஏறியிருந்தது.

செங்கோட்டைக்கு அந்தப் பக்கத்துக்காரி, வேதக்காரி; கிறிஸ்தவர்களை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். பேச்சில் பாதி தமிழ், பாதி மலையாளம். அவள் புருஷன் வாத்து மேய்த்தவன். அறுவடை முடிந்த வயல்களில் உதிர்ந்த நெல்லைத் தின்னவிட்டு, மந்தையை ஊர் ஊராக நடத்திக்கொண்டு போகிற பிழைப்பு. வயல் வரப்பில் பாம்பு கடித்துப் போய்விட்டான். பிள்ளை இல்லை. அதன் பிறகு ஐந்தருவிப் பாதையில் ஒரு குடிசை போட்டுக்கொண்டு, மிச்சமிருந்த வாத்துகளோடு தனியாக இருந்தாள். சீசனுக்கு அருவிப் பக்கம் கடை போடுவாள்: அவித்த மரச்சீனிக் கிழங்கு, அவித்த வாத்து முட்டை, பால் விடாத கட்டங்காப்பி. மற்ற மாதங்களில் செவ்வாய்க்கிழமை தோறும் முட்டைக் கூடையோடு தென்காசிக் கடைத்தெருவுக்கு வருவாள்.

அப்பா பத்து நாள் அவள் காலுக்குக் கட்டு மாற்றினார். மூன்று நாளில் ஆறிவிட்டது என்று டாக்டர் சொன்னாராம். அப்பாவுக்குத் திருப்தி இல்லை.

கடைசி நாளன்று ஒரு ஓலைப்பெட்டியை மேசைமேல் வைத்தாள். உள்ளே ஆறு வாத்துக் குஞ்சுகள்.

"இது எதுக்கு?" என்றார் அப்பா.

"காலுக்கு."

"எனக்கு இதை வளர்க்கத் தெரியாதே."

"தீனி கொடுத்தா மதி, அது போதும் சாரே. முட்டையிடுற வரைக்கும் செவ்வாய்க்குச் செவ்வாய் நான் வந்து நோக்கிக்கிடுதேன். முட்டையிட்டாச்சுன்னா பின்னே எனக்கு அங்கன என்ன ஜோலி?"

இந்தக் கடைசி வாக்கியத்தை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். அப்பா வைத்துக்கொண்டார்.

பெயர் அன்னம், வளர்ப்பது வாத்து. அப்பா இந்தப் பகடியை முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். அவளிடம் சொல்லத் தைரியம் இல்லாமல் என்னிடமே பத்துத் தடவை சொன்னார்.

தொண்டை கட்டிய நோயாளிகள்

குஞ்சுகளுக்கு இரண்டு மாதம் ஆனபோது ஒரு விபரீதம் நடந்தது. நான்கு குஞ்சுகள் மீன் சந்தை மாதிரி கத்த ஆரம்பித்தன. மற்ற இரண்டுக்கும் குரல் அடைத்துக்கொண்டது. காய்ந்த ஓலையை இழுக்கிற மாதிரி ஒரு கரகரப்பு.

அப்பா யோசித்தார். தொண்டைக்குத் தடவும் மருந்து பாட்டிலைக் கொண்டுவந்தார். குச்சியில் பஞ்சைச் சுற்றி, என்னை அலகைப் பிரித்துப் பிடிக்கச் சொல்லி, இரண்டு நோயாளிகளுக்கும் வேளை தவறாமல் தடவினார். நான்கு நாளில் அவற்றின் வாய் பாக்குப் போட்ட வாய் மாதிரி ஆகிவிட்டது. குரல் அப்படியே இருந்தது.

செவ்வாய்க்கிழமை அன்னம்மா வந்தாள். "எந்தா சாரே, இதுங்களுக்கு வாயெல்லாம் கறை?"

"தொண்டை கட்டியிருக்கு. மருந்து நடக்குது."

அவள் ஒன்றைப் பிடித்து வாலைப் பார்த்தாள். பிறகு துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று நான் பயந்தேன்.

"இது பூவனாக்கும், சாரே!"

"பூவன்பழம் ஆகாதோ இதுக்கு?" என்றார் அப்பா, பத்தியம் கேட்கிற குரலில்.

"பழமில்லெ! ஆணு! ஆண் தாறாவுக்குத் தொண்டை இப்படித்தான் இருக்கும். வாலைப் பாருங்கோ, ரெண்டு இறகு மீசை மாதிரி சுருண்டிருக்கு. சத்தம் போடுறதெல்லாம் பெண்ணாக்கும்."

"அது எங்கேயும் அப்படித்தான்" என்றார் அப்பா.

அவள் மறுபடியும் சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அம்மா போனதிலிருந்து அப்பா ஒருத்தியைச் சிரிக்கவைப்பதற்காக ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அடுக்களைக்குப் போய்ப் பாத்திரங்களைச் சத்தமாக வைத்தேன். இரண்டு பேருக்கும் கேட்கவில்லை.

போன வாரம் இந்தத் தொடரில் நான் எழுதிய பள்ளிக்கூடக் கதையைப் படித்த வாசகி ஒருவர், "நீங்கள் சின்ன வயதிலேயே பொறாமைக்காரியாக இருந்திருக்கிறீர்கள்" என்று எழுதியிருக்கிறார். அம்மா, நீங்கள் இன்னும் பாதிகூடப் படிக்கவில்லை.

ஒரு விரல், இரண்டு விரல்

வாத்து முட்டையிடப் போகிறதா என்று கண்டுபிடிக்க, வாலுக்கு அடியில் தொட்டுப் பார்க்க வேண்டும். அங்கே இரண்டு எலும்பு முனைகள் இருக்கும். குஞ்சாக இருக்கும்போது அவற்றுக்கு நடுவே ஒரு விரல்கூடப் போகாது. நாள் நெருங்க நெருங்க எலும்பு விலகும். மூன்று விரல் தாராளமாகப் போனால் முட்டை வாசலுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்.

இதை அன்னம்மா சொல்லிக் கொடுத்ததிலிருந்து வாத்துகளுக்கு நிம்மதி போயிற்று. அப்பா காலையில் பல் தேய்த்ததும் ஒரு தடவை, கிளினிக் போகும்முன் ஒரு தடவை பிடித்துப் பார்த்தார். அடுக்களைச் சுவரில் கரித்துண்டால் நான்கு கோடு இழுத்து, ஒவ்வொன்றுக்கும் அளவு எழுதினார். அத்தை வந்து நின்ற நாளில்தான், நாலில் மூத்தவள் மாதிரி நடந்த கறுப்பி வாத்துக்கு ஒன்றரை ஆகியிருந்தது.

மாசி போய்ப் பங்குனி வந்தது. மற்ற அறிகுறிகளும் ஒவ்வொன்றாக வந்தன. நான்கு பெண்களுக்கும் வயிறு தாழ்ந்து தரையை உரசப் பார்த்தது. நடை, நிறைமாதக்காரி குடம் சுமந்து வருகிற நடை. தீனிக்குப் பேயாய்ப் பறந்தன. தவிடும் நத்தையும் போதாமல், சுவரில் அடித்த சுண்ணாம்பைக் கொத்தித் தின்றன. முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்பு வேண்டும் என்பாள் அன்னம்மா. அப்பா வெற்றிலைச் செல்லத்தைத் திறந்துவைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பினால் சுண்ணாம்பு டப்பா காலி.

முதுகில் கை வைத்தால் ஓடாமல் அப்படியே தரையோடு பதுங்கின. விறகு அடுக்குக்குப் பின்னால் போய், வைக்கோலை அலகால் இழுத்து இழுத்துப் போட்டு, உட்கார்ந்து பார்த்து, பிடிக்காமல் எழுந்து வந்தன. வாடகைக்கு வீடு பார்க்கிற குடும்பம் மாதிரி.

பூவன்கள் இரண்டும் வாய்க்கால் தண்ணீரில் கழுத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு பெண்களைத் துரத்தின. அதன் பிறகு நடப்பதை நான் பார்க்கக் கூடாது என்று அப்பா, "ஏட்டி உலகு, காப்பி போடு" என்பார். எனக்கு உலகம்மாள் என்று பெயர். அந்தப் பங்குனியில் நாங்கள் குடித்த காப்பிக்கு அளவே இல்லை.

அடுக்களைச் சுவரில் கறுப்பிக்கு மூன்று என்று எழுதியாகிவிட்டது. பிறகு மற்ற மூன்றுக்கும்.

முட்டை மட்டும் வரவில்லை.

விஷம், தொடாதே

சித்திரை பாதி போய்விட்டது. செவ்வாய்க்கிழமை தோறும் அன்னம்மா வருவாள். "இட்டுதா சாரே?" என்பாள். அப்பா உதட்டைப் பிதுக்குவார். அவள் வாத்தைப் பிடித்துப் பார்ப்பாள். "இன்னும் ஒரு ஆழ்ச்ச ஆகும்" என்பாள். ஆழ்ச்ச என்றால் வாரம். பிறகு துவைக்கிற கல்லில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுப் போவாள். காப்பி போடுவது நான்.

யாரோ முட்டையைத் திருடுகிறார்கள் என்று நான் முடிவு கட்டினேன். முதலில் கீரிப்பிள்ளை மேல் சந்தேகப்பட்டேன். பிறகு பக்கத்து வீட்டின் மேல். கடைசியில், வெட்கத்தோடு சொல்கிறேன், அன்னம்மா மேல். செவ்வாய்க்கிழமை அவள் கூடையில் இருக்கும் முட்டைகளில் எங்கள் வீட்டு முட்டை எத்தனை என்று உற்று உற்றுப் பார்ப்பேன். முட்டைக்கு என்ன, முகமா இருக்கிறது அடையாளம் காண!

வாத்து விடிகிற நேரத்தில்தான் முட்டையிடும் என்று அவளே சொல்லியிருந்தாள். ஒரு நாள் காக்கை கரையும் முன்பே எழுந்து அடுக்களை ஜன்னலில் நின்றேன்.

திருடன் வந்தான். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தான். தோளில் துண்டு. விறகு அடுக்குக்குப் பின்னால் குனிந்து, வெளிர் நீல நிறத்தில் மூன்று முட்டைகளை எடுத்தான். துண்டில் துடைத்தான். ஒன்றைக் கன்னத்தில் வைத்துச் சூட்டை அனுபவித்தான்.

என் அப்பா.

கூடத்தில் அவருடைய மரப்பெட்டி ஒன்று இருந்தது. மண்டையோடு படம் போட்டு, "விஷம், தொடாதே" என்று சிவப்பு மையில் எழுதிய பெட்டி. கிளினிக்கில் பழசாகிப் போனதைக் கொண்டுவந்து வைத்திருந்தார். நான் குழந்தையிலிருந்து அதைத் தொட்டதில்லை. அன்று அவர் குளிக்கப் போனதும் திறந்தேன். உமியில் புதைத்து வைத்த முட்டைகள். வரிசை வரிசையாக. பெட்டி கொள்ளாததை டிபன் கேரியரில் வைத்துக் கிளினிக்குக்குக் கொண்டுபோய், எலும்பும் தோலுமாக வரும் நோயாளிகளுக்குச் சிவப்பு மருந்தோடு ஒன்று கொடுத்துவந்தார் என்பது பிறகு தெரிந்தது.

ஏன் ஒளிக்கிறார்? எனக்குப் புரியவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை புரிந்தது.

அன்னம்மா கறுப்பியைக் கக்கத்தில் இடுக்கி, வாலுக்கு அடியில் கை வைத்தாள். இந்தத் தடவை நான் வாத்தைப் பார்க்கவில்லை, அவள் கையைப் பார்த்தேன். மூன்று விரல்கள். நடுவே நான்காவது விரலுக்கும் இடம் இருந்தது. தினமும் முட்டையிடும் வாத்து அது. பிறந்ததிலிருந்து வாத்தோடு வாழ்ந்தவளுக்கு அது தெரியாதா?

"எப்படி இருக்கு?" என்றார் அப்பா, ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு.

"இன்னும் ஒரு ஆழ்ச்ச ஆகும், சாரே" என்றாள் அன்னம்மா, தரையைப் பார்த்துக்கொண்டு.

நான் உள்ளே போய்க் காப்பி போட்டேன். அன்று கொஞ்சம் சர்க்கரை கூடப் போட்டேன் என்று நினைக்கிறேன்.

வெடி

வைகாசி வெயிலில் ஓடு காய்ந்து, கூடம் அடுப்பு மாதிரி இருந்தது. அன்று செவ்வாய்க்கிழமை. நாள் குறித்துவிட்டுப் போகலாம் என்று கோமதி அத்தை தாம்பூலத்தோடு வந்துவிட்டாள். பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்திலிருந்த விஷப்பெட்டியின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டாள்.

"ஆவணியில முகூர்த்தம் இருக்கு. டிரெயினிங்கும் மண்ணாங்கட்டியும் எதுக்கு? அங்கன வந்து அவ என்ன டீச்சர் வேலையா பார்க்கப் போறா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். அந்த நேரம் புறவாசலில் கூடையை இறக்கும் சத்தம் கேட்டது. "சாரே!"

"யாருலே அது?" என்றாள் அத்தை.

"வாத்து பார்க்க வருவாக" என்றார் அப்பா. வாத்து பார்க்க வருகிறவளுக்கு அவர் 'வருவாக' என்று மரியாதை கூட்டியதை அத்தையின் காது உடனே பிடித்துக்கொண்டது. கழுத்தில் சிலுவையோடு அன்னம்மா நடைவாசல் வரை வந்து நின்றாள்.

அப்போதுதான் விஷப்பெட்டிக்குள் டப் என்று வெடித்தது.

அடியில் கிடந்த மிகப் பழைய முட்டை. அத்தை, "முருகா!" என்று துள்ளி எழுந்தாள். அடுத்த விநாடி நாற்றம் வந்தது. அதை நான் வர்ணிக்கப் போவதில்லை. இந்தப் பத்திரிகையைச் சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

"தொடாத! விஷம்!" என்று கத்தினார் அப்பா.

"விஷம் இப்படியாலே நாறும்?" மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு அத்தை மூடியைத் தூக்கினாள். உமி. உமிக்குள் முட்டை. முட்டைக்குப் பக்கத்தில் முட்டை.

அன்னம்மா மெதுவாக உள்ளே வந்து பெட்டியை எட்டிப் பார்த்தாள்.

"எப்ப தொடங்கிச்சு, சாரே?"

"பங்குனிக் கடைசியில" என்றார் அப்பா, பள்ளிக்கூடத்தில் பிடிபட்டவர் மாதிரி.

"ம். நானும் அப்படித்தான் கணக்கு வச்சேன்."

அப்பா நிமிர்ந்தார். "தெரியுமா? தெரிஞ்சுமா ஒரு வாரம் ஆகும், ஒரு வாரம் ஆகும்னு சொன்னிய?"

"சாரு ஏன் இல்லை, இல்லைன்னு சொன்னீங்க?"

அத்தை ஒருமுறை தம்பியைப் பார்த்தாள், ஒருமுறை அவளைப் பார்த்தாள். ஊரில் அத்தையை முரட்டுப் பொம்பளை என்பார்கள். முட்டாள் என்று யாரும் சொன்னதில்லை.

"ஓகோ. கதை அப்படிப் போகுதா?" தாம்பூலத் தட்டை எடுத்துக்கொண்டாள். "ஏலே, நல்லாக் கேட்டுக்கோ. வேதக்காரியை வீட்டுல ஏத்துனேன்னா உன் மகளை என் மகனுக்கு எடுக்க மாட்டேன். நான் மட்டுமில்ல, நம்ம ஆளுக ஒருத்தன் வாசப்படி மிதிக்க மாட்டான். இவ இங்கனயே இருந்து உனக்கு வாத்து மேய்க்க வேண்டியதுதான்."

முதல் பாதியைக் கேட்டு எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்பா அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டார். அங்கேதான் எல்லாம் கெட்டது.

அன்னம்மா, "நான் வாரேன், மோளே" என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். அப்பா தடுக்கவில்லை.

அத்தையைப் பற்றி இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். மூன்று வருஷம் எங்கள் வீட்டுப் பக்கம் அவள் வரவில்லை. நாலாம் வருஷம் ஒருநாள் புறவாசல் வழியாக வந்து, "மூலத்துக்கு வாத்து முட்டை நல்லதாம்லா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள். அன்னம்மா ஒரு பேச்சும் பேசாமல் இரண்டை அவித்து, ஓட்டை உரித்து, மிளகு தூவிக் கொடுத்தாள். அத்தை முதலில் கண்ணை மூடிக்கொண்டு, திருமலை முருகனுக்கு, "குமாரசாமி, இது மருந்து" என்று தகவல் சொன்னாள். பிறகு இரண்டையும் தின்றாள். மூன்றாவது இருக்கிறதா என்று கேட்டாள்.

ஐந்தருவிக்கு ஒரு பயணம்

அடுத்த செவ்வாய்க்கிழமை அன்னம்மா வரவில்லை. அதற்கடுத்த செவ்வாயும் இல்லை. அப்பா வாத்துகளைத் தொடுவதை விட்டுவிட்டார். அவை கேட்பாரில்லாமல் துவைக்கிற கல் பக்கத்திலும் பாதை நடுவிலும் முட்டையிட்டன.

ஒருநாள் சாப்பிடும்போது, "அக்காவுக்குக் காயிதம் போட்டுடுதேன். உன் வாழ்க்கையை நான் கெடுத்துக்கிட்டு இருக்க முடியாது" என்றார்.

"எனக்கு அந்த மாப்பிள்ளை வேண்டாம்ப்பா."

"எனக்காகச் சொல்லாத."

"உங்களுக்காக எதுக்குச் சொல்லணும்? உர விலை கேட்டுக் கேட்டு நான் செத்துருவேன்."

அவர் நம்பவில்லை. தகப்பன்மாருக்குத் தங்களால்தான் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று நினைத்துக்கொள்வதில் ஒரு பெருமை இருக்கிறது.

சாரல் தொடங்கியிருந்தது. மறுநாள் அவர் கிளினிக்குக்குப் போனதும் ஒரு பை நிறைய முட்டையை எடுத்துக்கொண்டு குற்றாலம் பஸ் ஏறினேன். தனியாகப் போவது அதுதான் முதல் தடவை. இறங்கி ஐந்தருவிக்கு நடந்தேன். அருவியில் குளிக்க வந்தவர்களின் எண்ணெய் பூசிய தொந்திகளாக எதிரே வந்துகொண்டிருந்தன. சாலையெல்லாம் சீயக்காயும் ஈரத்துணியும் கலந்த வாசனை. அருவிச் சத்தம் கேட்கிற இடத்தில், தார்ப்பாய்க்கு அடியில், அன்னம்மா கிழங்கு அவித்துக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். "சாருக்கு எதாச்சும்?"

"அதெல்லாம் இல்லை." பையை நீட்டினேன். என்ன பேசுவது என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோயிற்று. "வாத்து முட்டையிட்டிருச்சு. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு இலையில் கிழங்கை வைத்து என் கையில் கொடுத்தாள். நனைந்துபோய் நின்ற எனக்கு அந்தச் சூடு உள்ளங்கையில் இன்னமும் இருக்கிறது.

"அடுத்த மாசம் நான் பாளையங்கோட்டைக்குப் போறேன்" என்றேன். "அப்பா தனியா இருப்பாக. நீங்க வரணும்."

"மோளே, நீ கூப்பிட்டா நான் வரக் கூடாது. அவரு வந்து கேட்கணும்." அடுப்பைக் குனிந்து ஊதினாள். "ரெண்டு மாசம் முட்டையை ஒளிச்ச மனுசன். வாயிலெ இருக்கிற ஒரு வார்த்தையை வெளியிலெ எடுக்க இன்னும் எத்தர மாசம்? எனக்கும் வயசு போகுதில்லோ?"

சாயந்திரம் அப்பாவிடம் அதை அப்படியே ஒப்பித்தேன். நான் தனியாகப் போனதற்குத் திட்டத் தொடங்கியவர், பாதியில் நிறுத்திவிட்டார். "வயசு போகுதுன்னா சொன்னா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆவணியில் ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம் நடந்தது. டாக்டர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். தெரு ஒரு வருஷம் பேசியது. பிறகு பேச்சு வேறு வீட்டுக்குப் போய்விட்டது. நான் டீச்சரானேன். எனக்கு மாப்பிள்ளை வரவே மாட்டான் என்று அத்தை சொன்னது பாதி பலித்தது: நான்தான் தேடிக்கொண்டேன். அதை வேறொரு வாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் என் மனதில் நிற்பது அந்தக் கல்யாண நாள் இல்லை. அப்பா ஐந்தருவிக்குப் போய்வந்த நாள். சலவைச் சட்டை, புது வேட்டி, கோயிலுக்குப் போகிற மாதிரி நெற்றியில் விபூதிகூட இருந்தது. யாரை ஏமாற்ற என்று தெரியவில்லை. காலையில் போனவர் பொழுது சாயத்தான் வந்தார். தலை முதல் கால் வரை ஒழுகியது. வாசலில் நின்று தும்மினார்.

"கேட்டியளா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னாக?"

"'சாரல் காலத்துல குடை இல்லாம வாற மனுசனை நம்பி நான் எப்படி வருவேன்'னா."

"அவ்வளவுதானா?"

அப்பா சட்டைக்குள் கைவிட்டார். வயிற்றோடு சேர்த்து, துண்டில் சுற்றி வைத்திருந்த ஒரு குடையை வெளியே எடுத்தார். பெண்பிள்ளைக் குடை. ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"தன் குடையைத் தந்து அனுப்புனா" என்றார்.

"குடையைக் கையில வச்சுக்கிட்டா இப்படி நனைஞ்சிய?"

அப்பா என்னை ஒரு மடச்சியைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"விரிச்சா குடை நனைஞ்சிரும்லாட்டி."